சட்டாம்பிள்ளை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் பி.எட். பயிலும் அக்கா ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். 'உனது கற்பித்தல் கொள்கையை இரண்டு பக்கங்களில் வரைக' என்று அதில் இருந்தது.

"இதுக்கு இன்னாடா எழுதுறது? நீயும்தானே புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றே, சொல்லேன்" என்றார்.

"கட்சிக்குத்தாங்க்கா கொள்கை இருக்கும். எனக்கு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை. பேராசிரியப் பெருமக்கள் இதில் பிழை காணின் பொறுத்தருள வேண்டும். நம் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பி.எட். சேர எண்ணியிருக்கும் நண்பர்கள் பலர் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். என் தந்தையார் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில், மீனவர் சமுதாயக் கூடத்தின் முன்திண்ணையில் மாலை வேளைகளில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தைத் தொடங்கியபோது, கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளி மறந்திருந்த பிள்ளைகளுக்காக அந்த அக்காவே தன்னார்வலராகச் சேர்ந்து இவ்விடத்தில் வகுப்பு நடத்தினார். பின்னர் அவருக்குப் படிப்பு வந்தது. திண்ணை எனக்கு வந்தது. திட்டத்தில் என் பெயர் இல்லை. ஊதியமும் இல்லை. பெரிய பையன் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான், அவ்வளவே.

இப்படிப் பெரிய பிள்ளை சிறு பிள்ளைக்குச் சொல்லித் தருவது நம் மண்ணில் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணாக்கன், இளையவர்களுக்குப் பாடம் ஒப்புவிக்கச் செய்வதும், மணலில் எழுத்துப் பயிற்றுவதும் அவன் வேலை. இந்தச் சட்டாம்பிள்ளை முறை நம் சென்னையிலிருந்து கப்பலேறி உலகைச் சுற்றி வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையாளரானார். ஒரு நாள் அவர் குதிரையில் செல்லும் வழியில், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். உடனே தம் பள்ளி ஆசிரியரை அழைத்து, 'நீயும் இப்படிச் செய்' என்றார். ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை, செய்யவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை, ஒரு சிப்பாயின் மகனை, அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கிவிட்டார். பெரியவர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். 1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே இதனை ஒரு நூலாக்கி இலண்டனில் வெளியிட்டார். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இதையொத்த பள்ளி நடத்தினார். யார் முதல்வர் என்று இருவர் பக்கத்தாரும் பெரும் பூசலிட்டனர். அவர்களது பூசலில், மணலில் எழுதிய எங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பங்கு கேட்பார் இல்லை! இங்கிலாந்துத் திருச்சபையார் 1811இல் அமைத்த தேசியக் கழகம் பெல்லின் முறையையே கைக்கொண்டது. 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பொருளுதவியால் 1830களில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும் இம்முறையின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் ஆசிரியரைக் கொண்டு சில நூறு பிள்ளைகளை மேய்க்கலாம் என்னும் சிக்கனமே இதனை அந்நாட்டு முதலாளிமார்க்குப் பிடித்தமாக்கியது. ஆலையில் பஞ்சு ஒரு பக்கம் போய் மறுபக்கம் நூலாய் வருவது போலப் பிள்ளைகளை அணியணியாய் நிறுத்தினார்கள். சட்டாம்பிள்ளைக்குப் பொருள் தெரியுமோ தெரியாதோ, தான் வாங்கியதை அப்படியே அடுத்தவனிடம் தள்ளிவிட வேண்டும். வாங்கியது பாடமானாலும் சரி, வசையானாலும் சரி. இதை நான் ஏடுகளில் படித்து அறிவதற்கு முன்பே என் வாயால் அறிந்துகொண்டேன். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தாய் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாய் விற்பவர். ஒரு மாலை, 'ஒரு கிலோ 280 ரூபாய் எனில் 1¼ கிலோ என்ன விலை?' என்று கரும்பலகையில் எழுதினேன். அவன் 1¼ என்பதை நூற்றுப் பதினான்கு என்று வாசித்தான். 114ஐ 280ஆல் பெருக்கத் தொடங்கிவிட்டான்! மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நின்றேனில்லை. "மண்டையில இன்னாடா இருக்குது, களிமண்ணா?" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பலப்பத்தை வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் வரவில்லை. ஒரு வாரமாகியும் வரவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அம்மா மீன் வாங்கி வரச் சொன்னதால் காசிமேடு சென்றேன். அங்கே தாயின் கூடைக்கு அருகே அவன் உட்கார்ந்திருந்தான். ஓர் அம்மாள் சங்கரா மீனை நிறுக்கச் சொன்னார். ஒன்றேகால் கிலோ நின்றது. விலை கிலோ இருநூற்று எண்பது. நான் பாடத்துக்கு எழுதிய அதே கணக்கு என்றால் நம்புவீர்களா? அன்றைய மார்க்கெட் விலையைக் கேட்டுத்தானே நான் கணக்கே எழுதினேன். ஆகவே இதில் அதிசயமில்லை. நான் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுப்பதற்குள் அவன் "முந்நூத்தம்பது" என்றான். எப்படி என்று கேட்டேன். "காலு எழுவதுண்ணா. எரநூத்தெம்பதும் எழுவதும் முந்நூத்தம்பது" என்றான், என் முகத்தைப் பாராமலே.

அவனுக்குக் கால் தெரியும். ¼ என்னும் எழுத்துத்தான் கால் என்பது தெரியாது. அதைச் சொல்லித் தரவேண்டியவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நண்பர்களே, இதைப் பின்னர் நம் நூலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து தேடியபோது, இது எங்கள் குப்பத்துக் கதை மட்டுமன்று என்று தெரிந்தது. பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரில் தெருவில் இளநீர்த் தேங்காய் முதலியன விற்ற ஐந்து சிறுவர்களை டெரெசினா கராஹர் முதலிய மூவர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். கடையில் வாடிக்கையாளர் போல் நின்று கேட்ட கணக்குகளில் அவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுக்கு இறங்கிவிட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துக்கு என்ன என்றதற்கு ஒரு சிறுவன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று ஏறிப்போய் 350இல் நின்றான். பள்ளியில் பயின்றபடி ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் போதும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. (அவன் விடையும் எங்கள் பையன் விடையும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்.)

2025இல் நோபல் பரிசாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலியோர் கல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைக் கொண்டு இதையே பெரிய அளவில் ஆராய்ந்து 'நேச்சர்' ஏட்டில் எழுதினர். அவர்கள் மற்றொன்றையும் கண்டார்கள். பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகள் தாளில் கணக்கைச் செய்கிறார்கள். சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். அன்று காசிமேட்டில் கைப்பேசியைத் தேடிய என் நிலை அதுதான். அவனுக்கு ஒரு கரை, எனக்கு ஒரு கரை. நடுவில் பாலம் போடாதது யார் குற்றம்?

நம் முன்னோர் இப்பாலத்தை எளிதாகவே போட்டிருந்தனர் என்று தோன்றுகிறது. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. மாகாணி பதினாறில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கடைத்தெருவில் வழங்கிய அதே சொல்தான் சுவடியிலும் இருந்தது. அப்பள்ளிகள் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. எங்கள் போன்ற வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அத்திண்ணையில் ஏற இடமும் இல்லை. சொல்லைப் பற்றி மட்டுமே சொல்கிறேன். இன்று ஆறாம் வகுப்பில் 'கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றுக' என்று தொடங்குகிறோம். அது தவறன்று, அதுவும் வேண்டும். கால் என்று தொடங்கி அங்கே போய்ச் சேரலாம் என்பதே நான் கண்டது.

சரி, 'களிமண்' என்ற சொல் எனக்கு எங்கிருந்து வந்தது? இதை எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மையில் திடுக்கிட்டேன். அது என் சொல்லே அன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில் ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் எனக்குச் சூட்டிய பட்டம் அது. ஓராண்டு முழுவதும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டேன். அதை நான் வெறுத்தேன். வெறுத்ததையே பத்திரமாகக் காத்து, ஐந்தாண்டுக்குப் பின் என்னிலும் சிறியவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். டான் லார்ட்டி என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1975இல் எழுதிய நூலில் இதனை விளக்குகிறார். பிற தொழில்களைப் போலன்றி, ஆசிரியத் தொழிலை எல்லோரும் மாணவராய் உட்கார்ந்து பல்லாயிரம் மணி நேரம் பார்த்தே பயின்றுவிடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் சொல்வதைவிட அந்தப் பழைய பார்வைப் பயிற்சியே வகுப்பறையில் முந்திக்கொண்டு வெளிவரும் என்பது அவர் கருத்து. ஆகவே கற்பித்தல் கொள்கை இல்லாதவர் எவரும் இலர். நாம் தேர்ந்துகொள்ளாமலே நமக்குள் வந்து குடியிருக்கும் கொள்கை ஒன்று எப்போதும் உண்டு.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. நான் யாரையும் அடித்ததில்லை என்று பெருமை பேசியவன். வாயால் அடிப்பதும் அடிதான் என்று எனக்குச் சட்டப்புத்தகம் சொல்ல வேண்டியதாயிற்று.

இலக்கணம் பயின்றோர் உடனே நன்னூலை நினைப்பீர்கள். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் அதன் பாயிரத்தில் கற்பித்தல் கொள்கை ஒன்றையே வகுத்திருக்கிறார். ஆசிரியர் ஆகாதாரை அவர் நான்கு பொருள்களோடு ஒப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழற்காய் பெய்த குடம்: போட்ட முறையில் வராமல் எல்லாம் ஒன்றாய்க் கொட்டும். மடல் நிறைந்த பனை: தானாய் விழுந்தாலன்றி ஏறிப் பறிக்க விடாது. பஞ்சடைத்த குண்டிகை: அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். வளைந்த தென்னை: நீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்த வீட்டில். தேர்வுக்கு முந்தைய வாரம் நான் பாடம் நடத்துவதைக் கண்டவர்கள் கழற்குடத்தை நேரில் கண்டவர்களே.

ஆனால் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்தில் பவணந்தியாரோடு எனக்கு உடன்பாடில்லை. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைத்தரம் என்கிறார். ஓட்டைக்குடம் என்று ஒரு பிள்ளைக்குப் பெயரிட்டுவிட்டால், பின்பு அதில் யார் நீர் ஊற்றுவார்? 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. இதுவும் தரம் பிரிப்பதுதான். ஆயினும் அரும்பு நாளை மொட்டாகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

பாடம் சொல்லும் முறையைக் கூறும்போது பவணந்தியார் இரண்டு செய்திகளை வற்புறுத்துகிறார். காலமும் இடமும் பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவன் எவ்வகையில் வாங்கிக்கொள்வான் என்று தெரிந்து, அவன் மனம் ஏற்கும்படி சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் எங்கள் திண்ணைக்குப் பொருத்திப் பார்த்ததுதான் நான் செய்தது.

காலம் என்பதைப் பாருங்கள். பையனின் வீட்டுக்கு நான் சென்றபோது அவன் தாய், "வாப்பா தம்பி" என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "கூடைக் கணக்கு பூரா அவன்தான் தம்பி பாக்கறான். எனக்கு எழுத்தும் தெரியாது, கணக்கும் வராது. அவன் ராத்திரி தூங்கிப் போயிடறான், விடிகாலம் மூணு மணிக்கு எழுப்பிடறேன் இல்ல?" என்றார். மாலை ஏழு மணிக்கு அவன் என் வகுப்பில் கொட்டாவி விட்டதன் காரணம் அதுவரை எனக்குத் தெரியாது. அதையும் நான் திமிர் என்றே எண்ணியிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் ஒழுங்காக வந்தான். தடை நீங்கியதும் வரவு குறைந்தது. ஆகவே வகுப்பைப் பள்ளி விட்டவுடன் ஐந்து மணிக்கு மாற்றினேன். அந்நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஒலி எழுப்புவதால், கத்திக் கத்தித் தொண்டை கட்டுகிறது. காலம் பொருந்தினால் இடம் பொருந்துவதில்லை. என்ன செய்வது?

வாங்கிக்கொள்ளும் வகை என்பதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். காசிமேட்டு நிகழ்ச்சிக்குப் பின், எதைச் சொன்னாலும் பிள்ளைகளின் வாழ்விலிருந்தே சொல்வது என்று உற்சாகமாய்க் கிளம்பிவிட்டேன். அடர்த்தி பற்றிய பாடம் வந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நினைவூட்டி, 'நீரின்மேல் எண்ணெய் ஏன் மிதந்தது?' என்று கேட்டேன். இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலில் உண்டு! எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் சிறுமி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த எண்ணெய் ஒட்டி அவள் தந்தையின் வலைகள் பாழாயின. அதன் பிறகுதான் அவள் இங்கு அனுப்பப்பட்டாள் என்பதை மற்றொரு பிள்ளை பிறகு சொன்னாள். பிள்ளையின் வாழ்வு நமக்குப் பாடக் கருவியாகக் கிடந்த பொருளன்று. அடுத்த நாள் நல்லெண்ணெயும் தண்ணீரும் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் காட்டினேன். பழைய எடுத்துக்காட்டுத்தான். அதுவே போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் நான் பயின்ற மாநகராட்சிப் பள்ளியை நினைக்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் நான் அரிச்சுவடி படித்தவன். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையிலிருந்து எடுக்கப்பட்டது அது. வகுப்பில் பெஞ்சு இல்லை, பாயில் அமர்ந்திருப்போம். சுவரைச் சுற்றி எங்கள் இடுப்புயரத்தில் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். என் கட்டத்தில் நான் எழுதியதை நானே அழிக்கலாம். அட்டைகளை எடுத்து ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறுவோம். அதிலும் குறைகள் உண்டு. அட்டைகள் தொலைந்து போகும், ஆசிரியருக்கு ஓய்வே இருக்காது. ஆனால் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் என்னை எவரும் மற்றொருவனோடு ஒப்பிட்டதாக நினைவில்லை. எனக்குள் இரண்டு ஆசிரியர்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் அந்தத் தாழ்வான கரும்பலகையைக் கொடுத்தவர். மற்றவர் களிமண் என்றவர். களைப்பாய் இருக்கும் நாளில் இரண்டாமவரே முதலில் வாய் திறக்கிறார்.

அக்காவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை தவறான விடை சொன்னால், அது எந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று முதலில் பார்ப்பது. பார்க்கும் வரை வாயை மூடிக்கொள்வது. பள்ளிச் சொல்லும் தெருச் சொல்லும் இரண்டும் பிள்ளைக்கு வேண்டும், ஒன்றுக்காக மற்றொன்றைப் பிடுங்காதிருப்பது. இவ்வளவுதான். "நல்லாத்தான் இருக்குது, ஆனா ரெண்டு பக்கம் வரலையே" என்று சொல்லிவிட்டு, அக்கா கைடைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்ததாம்.

பையன் இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறான். 1¼ என்பதை 5/4 என்று எழுதக் கற்றுக்கொண்டான். எனக்கு மனக்கணக்குச் சொல்லித் தருகிறான், நான் இன்னும் மெதுவாகத்தான் போகிறேன். பெல் பாதிரியாரை நினைத்துக்கொண்டு, சென்ற மாதம் அவனையே சிறு பிள்ளைகளுக்குச் சட்டாம்பிள்ளையாக்கினேன். தராசும் எடைக்கற்களும் வீட்டிலிருந்து தானே எடுத்து வந்தான். நான் மறுபக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தேன். லாரிகளின் இரைச்சல் ஒரு கணம் ஓய்ந்தபோது அவன் குரல் கேட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பார்த்து, "மண்டையில இன்னா இருக்குது, களிமண்ணா?" என்றான். என் குரலிலேயே சொன்னான்.

எழுந்து போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு அந்தச் சிறுமியிடம், கடையில் அம்மாவுக்குக் கால் கிலோ சர்க்கரை வாங்கினால் எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டேன். அவள் விரல்களை மடக்கத் தொடங்கினாள். அவனையும் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.